பாரோவா, லெண்டா? டர்பன் தமிழர்களுக்கு ஆங்கில வினைச்சொல் வழிகாட்டி

போன வருடம் ஆடி மாதம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் என்ற இந்தியர் பகுதியில், எங்கள் தெருக் கோயிலில் மறுநாள் கஞ்சி வார்க்க வேண்டும். நாதஸ்வரம் வாசிக்கத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த தம்பி ஒருவர் தோரணம் கட்ட ஏணி தேடினார். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய், ஏணியை இரவல் கொடுங்கள் என்ற பொருளில், ‘அங்கிள், ப்ளீஸ் பாரோ மீ த லாடர்’ என்றார். அவரும் சரி என்று ஏணியை எடுத்துக் கொடுத்தார். அவர் காதுக்கு அதில் ஒரு பிழையும் இல்லை. இங்கே பிறந்து வளர்ந்த பலர் அப்படித்தான் பேசுகிறார்கள்.

இரண்டு வாரம் கழித்து அதே தம்பி, தன் விசா வேலையைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் காட்டினார். அதிலும் ‘பாரோ மீ’ இருந்தது. கூடவே ‘ஐ வில் கம் ஜஸ்ட் நவ்’ என்றும் இருந்தது. ஏணிக்குச் சரியாகப் போன ஆங்கிலம் இந்தக் கடிதத்துக்குப் போகாது. முதலாவது, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வினைகளை மாற்றிப் போட்டது. இரண்டாவது, இந்த ஊருக்குள் மட்டும் செல்லுபடியாகும் சொல்லை வெளியே எடுத்துப் போனது.

சனிக்கிழமை மதியங்களில் கோயில் மண்டபத்தில் நான் சொல்லிக்கொடுக்கும் ஆங்கில வகுப்புக்கு வருகிறவர்கள் குருக்கள்மார், சமையல்காரர்கள், கணவர் வேலைக்காக உடன் வந்த பெண்கள், ஒன்றிரண்டு இன்ஜினியர்கள். யாருக்கும் இலக்கணம் தெரியாமல் இல்லை, பள்ளியில் படித்தவர்கள்தான். தடுமாற்றம் எல்லாம் இந்தச் சின்னச் சின்ன வினைகளில்தான். அங்கே நாங்கள் போகும் வழியை அப்படியே இங்கே தருகிறேன்.

முதல் படி: நோட்டின் நடுவில் தமிழ் வினையை எழுதுங்கள்

ஆங்கிலச் சொல்லிலிருந்து தொடங்க வேண்டாம். நாம் நினைப்பது தமிழில். ‘பார்’ என்று ஒன்று மனதில் எழும்போதே ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் வந்து நிற்கின்றன. கை எது கிடைக்கிறதோ அதை எடுக்கிறது. அதனால் ஒரு நோட்டு எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக இவற்றை எழுதுங்கள்: கொடு, பார், கேள், சொல், வா, இரு, போடு, செய், வேண்டும். ஒன்பது பக்கம். ஒவ்வொன்றையும் சுற்றி அதற்கான ஆங்கில வினைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாரம் நீங்கள் உண்மையில் சொன்ன ஒரு வாக்கியத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். புத்தக வாக்கியம் மனதில் தங்காது. நீங்கள் கடைக்காரரிடம் சொன்னது தங்கும்.

இரண்டாம் படி: பொருள் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள்

‘பாரோ’ என்றால் இரவல் வாங்குவது. ‘லெண்ட்’ என்றால் இரவல் கொடுப்பது. ‘கேன் ஐ பாரோ யுவர் லாடர்?’ என்றால் வாங்குகிறவன் நான். ‘கேன் யூ லெண்ட் மீ யுவர் லாடர்?’ என்றால் கொடுக்கிறவர் நீங்கள். ‘மீ’ என்ற சொல் வினைக்குப் பின்னால் வந்தால் அங்கே ‘லெண்ட்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘பாரோ மீ’ என்ற சேர்க்கை எழுத்து ஆங்கிலத்தில் கிடையாது.

பிறகு ஏன் ஊர் முழுக்கக் கேட்கிறது? டச்சு மொழியிலிருந்து இந்த நாட்டில் கிளைத்த ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘லியன்’ என்ற ஒரே வினை இரண்டு திசைக்கும் போகும். அந்த மொழிக்குப் பக்கத்தில் வளர்ந்த ஆங்கிலத்திலும் அது படிந்துவிட்டது. ‘லியர்’ என்ற சொல்லும் இப்படித்தான்: கற்பதும் அதுவே, கற்பிப்பதும் அதுவே. ‘ஹி லேர்ன்ட் மீ டு டிரைவ்’ என்று இங்கே காதில் விழுவது அதனால்தான். எழுதும்போது ‘ஹி டாட் மீ’ என்றுதான் வரவேண்டும்.

நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கற்றுக்கொள், கற்றுக்கொடு என்று தமிழ் வினையின் வாலிலேயே திசை ஒட்டியிருக்கிறது. ‘கொள்’ என்றால் தன் பக்கம்: லேர்ன். ‘கொடு’ என்றால் அடுத்தவர் பக்கம்: டீச். இரவல் வாங்கிக்கொள் என்றால் பாரோ, இரவல் கொடு என்றால் லெண்ட். வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்து அந்த வாலைக் கவனித்தால் போதும்.

வாடகைதான் கொஞ்சம் வம்பு. நாம் வீட்டை வாடகைக்கு எடுக்கிறோம், வாடகைக்கு விடுகிறோம். ஆங்கிலத்தில் ‘ரெண்ட்’ இரண்டுக்கும் வரும். வீட்டுக்காரர் நீங்கள் என்றால் ‘ரெண்ட் அவுட்’ அல்லது ‘லெட்’ என்று எழுதுங்கள். குடியிருப்பவர் என்றால் ‘ரெண்ட் ஃப்ரம்’ என்று சேர்த்து எழுதுங்கள். ஒப்பந்தத் தாளில் இந்தச் சின்னச் சொல்லை விட்டால் யார் பணம் தரவேண்டும் என்பதே குழம்பும்.

மூன்றாம் படி: ‘எனக்கு’ என்கிறீர்களா, ‘நான்’ என்கிறீர்களா?

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். வகுப்பில் இதற்கு மட்டும் இரண்டு சனிக்கிழமை செலவிடுகிறேன்.

‘எனக்கு மலை தெரிகிறது’ என்கிறோம்; ‘நான் மலையைப் பார்க்கிறேன்’ என்றும் சொல்கிறோம். முதலாவதில் நான் எதுவும் செய்யவில்லை, கண் திறந்திருக்கிறது, மலை வந்து விழுகிறது. அது ‘ஸீ’. இரண்டாவதில் நானாகக் கண்ணைத் திருப்புகிறேன். அது ‘லுக்’. திருப்பிய கண்ணை எடுக்காமல், நகர்வதைத் தொடர்ந்து பார்த்தால் ‘வாட்ச்’. கிரிக்கெட், டிவி, அடுப்பில் பொங்கும் பால், தொட்டிலில் இருக்கும் குழந்தை எல்லாம் ‘வாட்ச்’. இலங்கைத் தமிழர்கள் ‘நேற்றுச் சந்தையில் அவரைக் கண்டேன்’ என்பார்கள். அந்தக் ‘காண்’ ஏறக்குறைய ‘ஸீ’யேதான்.

காதுக்கும் இதே கணக்கு. ‘எனக்குக் கேட்கிறது’ என்றால் ‘ஹியர்’. ‘நான் கேட்கிறேன்’ என்றால் ‘லிசன்’. இதை மாற்றிப் போட்டால் மரியாதைக் குறைவாகிவிடும். என் வகுப்புப் பெண் ஒருவர் குழந்தையின் பள்ளியிலிருந்து போன் வந்தபோது, லைன் சரியில்லாமல், ‘ஸாரி, ஐ ஆம் நாட் லிசனிங்’ என்று சொல்லிவிட்டார். அவர் சொல்ல நினைத்தது, எனக்குக் கேட்கவில்லை. ஆசிரியைக்குப் போய்ச் சேர்ந்தது, உங்கள் பேச்சை நான் கவனிக்கவில்லை. ‘ஸாரி, ஐ கான்ட் ஹியர் யூ’ என்றிருந்தால் ஆசிரியை குரலை உயர்த்திப் பேசியிருப்பார், அவ்வளவுதான். அந்தப் பெண் அடுத்த வாரம் வகுப்பில் அதைச் சொன்னபோது கண் கலங்கினார். அன்றிலிருந்து இந்தப் படியை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

‘எனக்கு’ வகை வினைகளுக்குப் பொதுவாக ‘இங்’ ஒட்டாது. ‘ஐ ஆம் ஸீயிங் த பஸ்’, ‘ஐ ஆம் ஹியரிங் எ நாய்ஸ்’ என்று எழுதாதீர்கள். ‘ஐ கேன் ஸீ த பஸ்’, ‘ஐ கேன் ஹியர் எ நாய்ஸ்’. ‘நான்’ வகைக்குத் தாராளமாக ஒட்டும்: ‘ஐ ஆம் லுக்கிங்’, ‘ஐ ஆம் லிசனிங்’. ‘ஐ ஆம் ஸீயிங் த டாக்டர் டுமாரோ’ என்று வரும், ஆனால் அங்கே ‘ஸீ’க்குச் சந்திப்பது என்று பொருள், அது வேறு கணக்கு.

‘கேள்’ பக்கத்தில் மூன்றாவதாக ஒரு சொல்லும் எழுத வேண்டும்: ‘ஆஸ்க்’. தமிழில் ‘இடம்’ என்ற உருபு வந்தால் அது ஆஸ்க். அவரிடம் கேட்டேன்: ‘ஐ ஆஸ்க்ட் ஹிம்’. அவர் சொன்னதைக் கேட்டேன்: ‘ஐ லிசன்ட் டு ஹிம்’. ‘லிசன்’ பின்னால் ‘டு’ கட்டாயம். ‘ஆஸ்க் ஹிம்’ என்பதில் ‘டு’ நுழையவே கூடாது. ‘இடம்’ என்பதை அப்படியே ‘டு’ ஆக்கிவிடுவதால்தான் ‘ஆஸ்க் டு ஹிம்’ என்ற பிழை வருகிறது.

டர்பனில் நண்பர்கள் ‘ஐ’ல் செக் யூ’ என்றால் அப்புறம் பார்க்கலாம் என்று பொருள். எழுத்து ஆங்கிலத்தில் ‘செக்’ என்றால் சரிபார்ப்பது. ‘ஐ வில் செக் யூ ஆன் மண்டே’ என்று மேலாளருக்கு எழுதினால் அவரைச் சோதனை போடப்போவது போல ஆகிவிடும்.

நான்காம் படி: சொல்லுக்கு நான்கு

‘சே’ பக்கத்தில் வார்த்தை நிற்கும், ‘டெல்’ பக்கத்தில் ஆள் நிற்பார். ‘ஹி செட் தட் த டெம்பிள் இஸ் க்ளோஸ்ட்’, ‘ஹி டோல்ட் மீ தட் த டெம்பிள் இஸ் க்ளோஸ்ட்’. ‘செட் மீ’ என்று வராது. ஆள் வேண்டுமென்றால் ‘செட் டு மீ’. ஆள் இல்லாமலும் ‘டெல்’ வரும் இடங்கள் சில உண்டு: உண்மை சொல்வது, பொய் சொல்வது, கதை சொல்வது. ‘டெல் த ட்ரூத்’, ‘டெல் எ லை’, ‘டெல் எ ஸ்டோரி’. இவற்றை மனப்பாடம் செய்துவிடுங்கள்.

மொழி என்றால் ‘ஸ்பீக்’: ‘ஐ ஸ்பீக் டமில்’. மேடையிலும், அலுவலகத் தொலைபேசியிலும் அதுவே. உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் ‘டாக்’. ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ என்று நம்மில் முக்கால்வாசிப் பேர் எழுதுகிறோம். ‘எக்ஸ்ப்ளெய்ன் டு மீ’ என்று மாற்றுங்கள். ‘டிஸ்கஸ்’ பின்னால் ‘அபவுட்’ வேண்டாம்.

சொல்வதற்கு இங்கே தெருவில் ஒரு சொல் உண்டு: ‘ட்யூன்’. இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகள் வாயில் அது ‘ச்சூன்’ ஆகும். ‘ஹி ச்சூன்ட் மீ’ என்றால் என்னிடம் சொன்னான். காதில் விழும்போது புரிந்துகொள்ளுங்கள். பேனா அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஐந்தாம் படி: வருவதும் போவதும்

இதில் தமிழும் ஆங்கிலமும் ஒரு இடத்தில் கைகோத்துப் போகின்றன. கேட்பவர் இருக்கும் இடத்துக்குக் கிளம்பும்போது ‘உங்க வீட்டுக்கு வரேன்’ என்கிறோம். ஆங்கிலத்திலும் ‘ஐ ஆம் கமிங் டு யுவர் ஹவுஸ்’தான். அது வரை நிம்மதி. ஆனால் விடைபெறும்போது நாம் ‘போகிறேன்’ என்று சொல்ல மாட்டோம், ‘வரேன்’ என்போம். டர்பன்காரர்களும் அறையைவிட்டு வெளியேறிக்கொண்டே ‘ஐ ஆம் கமிங் நவ்’ என்கிறார்கள், திரும்பி வந்துவிடுவேன் என்ற பொருளில். முதல் முறை கேட்டபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் லண்டன்காரர் ஒருவர் எதிரே இருந்தால், கதவை நோக்கி நடந்துகொண்டே வருகிறேன் என்கிறாரே என்று விழிப்பார். ‘ஐ வில் பி பேக் இன் ஃபைவ் மினிட்ஸ்’ என்று சொல்லிவிடுங்கள்.

‘நவ்’ பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் கொஞ்ச நேரம் கழித்து. எவ்வளவு நேரம் என்று கணக்கில்லை. ‘நவ் நவ்’ அதைவிடச் சீக்கிரம். ஆப்பிரிக்கான்ஸின் ‘நெட்னோ’, ‘நோநோ’ இவற்றின் சாயல் அது. நாட்டுக்கு வெளியே ‘ஜஸ்ட் நவ்’ என்றால் இந்த நொடி, அல்லது சற்று முன்பு. எழுத்தில் இரண்டையும் விட்டுவிட்டு மணியைப் போடுங்கள்: ‘அட் டென்’, ‘பை ஃபோர் ஓ’க்ளாக்’.

கொண்டு வா என்றால் ‘ப்ரிங்’. கொண்டு போ என்றால் ‘டேக்’. போய் எடுத்துக்கொண்டு வா என்றால் ‘ஃபெட்ச்’. போவதும் திரும்புவதும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு ‘டேக்’ செய்கிறோம், மதியம் ‘ஃபெட்ச்’ செய்கிறோம். பள்ளியிலிருந்து ‘ப்ளீஸ் ப்ரிங் எ ஹேட்’ என்று குறிப்பு வரும், ஏனென்றால் எழுதுகிறவர் பள்ளியில் இருக்கிறார். நீங்கள் வீட்டில் பிள்ளையிடம் ‘டேக் யுவர் ஹேட்’ என்பீர்கள். தொப்பி ஒன்றுதான், நிற்கும் இடம் வேறு.

‘ஆர் யூ கமிங் வித்?’ என்று இங்கே பாதியில் நிறுத்துவார்கள். எழுதும்போது ‘வித் அஸ்’ என்று முடித்துவிடுங்கள்.

ஆறாம் படி: மீதி நான்கு, சுருக்கமாக

இரு. ‘வேர் டு யூ ஸ்டே?’ என்று யாராவது கேட்டால் உங்கள் வீடு எங்கே என்று கேட்கிறார். ஆப்பிரிக்கான்ஸின் ‘ப்ளே’, இங்குள்ள ஜூலு மக்களின் மொழியில் ‘ஹ்லாலா’ இரண்டும் தங்குவதற்கும் குடியிருப்பதற்கும் பொதுவான சொற்கள். நம் ‘எங்க இருக்கீங்க’ மாதிரியே. எழுத்து ஆங்கிலத்தில் நிரந்தர வீடு என்றால் ‘லிவ்’, லாட்ஜிலோ உறவினர் வீட்டிலோ நாலு நாள் என்றால் ‘ஸ்டே’. படிவத்தில் கவனம்.

போடு. சட்டையைப் போடுவது ‘புட் ஆன்’, போட்டிருப்பது ‘வேர்’. தமிழில் ‘இரு’ சேர்ந்தால் ‘வேர்’. விளக்கைப் போடுவது ‘ஸ்விட்ச் ஆன்’. குழாயைத் திறப்பது ‘டர்ன் ஆன்’. ‘க்ளோஸ் த லைட்’ வேண்டாம்.

செய். முடிவில் புதிதாக ஒன்று உண்டானால் ‘மேக்’, வேலை மட்டும் நடந்தால் ‘டூ’. தேநீர், சத்தம், தவறு, முடிவு எல்லாம் ‘மேக்’. வீட்டுப்பாடம், பாத்திரம் கழுவுவது, உடற்பயிற்சி எல்லாம் ‘டூ’. விதி எல்லா இடத்துக்கும் போகாது, பழகத்தான் வேண்டும்.

வேண்டும். ‘அவசியம் வரணும்’ என்று கல்யாணப் பத்திரிகையை நீட்டும்போது அதில் அன்புதான் இருக்கிறது. இந்த ஊர் ஆங்கிலத்திலும் ‘மஸ்ட்’ மென்மையானது. ‘மஸ்ட் ஐ மேக் டீ?’ என்றால் தேநீர் போடட்டுமா என்றுதான். ஆப்பிரிக்கான்ஸின் ‘மூட்’ செய்த வேலை இதுவும். வெளியூர்க் கண்ணுக்கு ‘யூ மஸ்ட் ரிப்ளை’ என்றால் கட்டளை. அங்கே ‘குட் யூ ப்ளீஸ் ரிப்ளை’ என்றும், தேநீருக்கு ‘ஷல் ஐ மேக் டீ?’ என்றும் எழுதுங்கள்.

ஏழாம் படி: உள்ளூர்ச் சொற்களை மூன்றாகப் பிரியுங்கள்

பிரிப்பதற்கு முன் ஒன்று. புதிதாக வந்தவர்கள் சிலர் இங்குள்ள பழைய தமிழ்க் குடும்பங்களின் ஆங்கிலத்தைக் கேட்டு முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1860 நவம்பர் 16 அன்று முதல் ஒப்பந்தக் கூலிகளோடு சென்னையிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் நின்றது. 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தார்கள். கரும்புக் காட்டில் நின்ற அந்த மக்களில் பலர் பள்ளிக்கூடத்தைப் பார்க்காமலே, காதால் கேட்டுக் கேட்டு ஆங்கிலம் பழகினார்கள். பிறகு 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் இனவாரியாக மக்களைப் பிரித்தது; சாட்ஸ்வொர்த்தே அப்படி 1960களில் இந்தியர்களுக்கென்று எழுப்பிய ஊர்தான். தனியாக அடைக்கப்பட்ட இடத்தில் பேச்சும் தனியாக வளர்ந்தது. ராஜேந்த் மெஸ்த்ரி என்ற மொழியியலாளர் பல ஆண்டுகள் இந்த ஆங்கிலத்தை ஆராய்ந்து, 2010இல் அதற்கென்றே ஓர் அகராதி கொண்டுவந்தார். பிழைகளைத் தொகுத்து யாரும் அகராதி போட மாட்டார்கள். அது ஒரு சமூகத்தின் பேச்சு. கடிதத்துக்கும் நேர்காணலுக்கும் அதைத் தவிர்க்கச் சொல்கிறேன் என்றால், எதிரே இருப்பவருக்குப் புரியவேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான்.

முதல் பிரிவு, நாடு முழுவதும் எல்லோரும் சொல்வது: ‘ராபாட்’ என்றால் போக்குவரத்து விளக்கு, ‘பிராய்’ என்றால் வெளியே கரியில் இறைச்சி சுடும் விருந்து, ‘பக்கி’ என்றால் பின்னால் திறந்த சின்ன லாரி. உள்நாட்டுக் கடிதத்தில் தாராளமாக எழுதலாம். வெளிநாட்டுக்கு எழுதினால் ‘ட்ராஃபிக் லைட்’ என்று மாற்றுங்கள்.

இரண்டாவது, நண்பர்களோடு மட்டும். நன்றாக இருக்கிறது என்பதற்கு ‘லெக்கர்’, வேலை செய்வதற்கு ‘கிராஃப்ட்’, போவதற்கு ‘வாய்’, பிடிக்கிறது என்பதற்கு ‘ஸ்மாக்’, சின்னப் பையனுக்கு ‘லைட்டி’. ‘ஐ ஆம் வாயிங்’ என்று இளைஞர்கள் சொன்னால் கிளம்புகிறார்கள் என்று பொருள். நம் வாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இவை தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்து வீட்டோடு பழக முடியாது. வேலை விண்ணப்பத்தில் வரக்கூடாது.

மூன்றாவது, இனத்தையும் நிறத்தையும் குறிக்கும் கொச்சைச் சொற்கள். இங்கே பிறந்தவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். நாம் சொன்னால் காயம்படும். அவற்றில் ஒன்றைக்கூட இங்கே எழுதப்போவதில்லை. யாராவது சொல்லிக்கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

எந்தப் பிரிவு என்று சந்தேகம் வந்தால், நல்ல ஆங்கில அகராதியில் பாருங்கள். தென்னாப்பிரிக்க வழக்கு என்றோ, பேச்சுவழக்கு என்றோ சொல்லுக்குப் பக்கத்தில் குறித்திருப்பார்கள். பேச்சுவழக்கு என்று இருந்தால் எந்தக் கடிதத்திலும் வேண்டாம்; தென்னாப்பிரிக்க வழக்கு என்று மட்டும் இருந்தால் வெளிநாட்டுக் கடிதத்தில் வேண்டாம்.

எட்டாம் படி: நாம் கொண்டுவந்த மூட்டையையும் பிரியுங்கள்

டர்பன் சொற்களை மெனக்கெட்டு விலக்கிவிட்டு, சென்னைச் சொற்களை அப்படியே எழுதுகிறவர்கள் அதிகம். ‘ப்ரிபோன்’, ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’, ‘டூ த நீட்ஃபுல்’ இவையும் வட்டார வழக்குதான். நம் அலுவலகங்களில் புழங்கியதால் பொது ஆங்கிலம் மாதிரித் தோன்றுகிறது. ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்றால் இங்கே உங்கள் பேச்சை நம்பவில்லை என்று ஆகும். கேள்வி இருக்கிறது என்றால் ‘ஐ ஹாவ் எ க்வெஸ்சன்’. வீடு மாறினால் ‘ஷிஃப்ட்’ அல்ல, ‘மூவ்’. பதில் அனுப்புவதற்கு ‘ரிவர்ட்’ வேண்டாம், ‘ரிப்ளை’ போதும்.

ஒன்பதாம் படி: ஒரு கடிதத்தை எடுத்து வினை வினையாகத் திருத்துங்கள்

அந்தத் தம்பியின் மின்னஞ்சல் இப்படி இருந்தது: ‘ஐ ஆம் ஸ்டேயிங் இன் சாட்ஸ்வொர்த். ப்ளீஸ் பாரோ மீ மை ஒரிஜினல் காண்ட்ராக்ட் ஃபார் டூ டேஸ். யூ மஸ்ட் டெல் த டேட். ஐ வில் கம் ஜஸ்ட் நவ் அண்ட் டேக். கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.’

வினைகளுக்கு மட்டும் அடிக்கோடு போடச் சொன்னேன். குடியிருப்பது என்பதால் ‘ஸ்டேயிங்’ போய் ‘லிவ்’ வந்தது. கொடுப்பது அவர்கள் என்பதால் ‘லெண்ட்’. ‘டெல்’ பக்கத்தில் ஆள் இல்லை என்று அவரே கண்டுபிடித்து ‘மீ’ சேர்த்தார்; ‘மஸ்ட்’டை எடுத்து ‘ப்ளீஸ்’ வைத்தார். ‘ஜஸ்ட் நவ்’ இருந்த இடத்தில் மணி வந்தது. கடைசி வரி மொத்தமாகப் போயிற்று. ‘டேக்’ இருந்த இடத்தில் ‘ஃபெட்ச்’ என்று எழுதினார். அது தவறில்லை. ஆனாலும் அலுவலகக் கடிதம் என்பதால் ‘கலெக்ட்’ இன்னும் பொருந்தும் என்று சொன்னேன். போய் வாங்கிக்கொள்வதற்கு முறையான சொல் அது. எழுதி முடித்து, சத்தமாக ஒருமுறை படித்துவிட்டு அனுப்பினார்:

‘ஐ லிவ் இன் சாட்ஸ்வொர்த். குட் யூ ப்ளீஸ் லெண்ட் மீ மை ஒரிஜினல் காண்ட்ராக்ட் ஃபார் டூ டேஸ்? ப்ளீஸ் டெல் மீ விச் டே சூட்ஸ் யூ. ஐ வில் கம் டு யுவர் ஆஃபீஸ் அட் டென் தட் மார்னிங் டு கலெக்ட் இட், அண்ட் ஐ வில் ப்ரிங் இட் பேக் டூ டேஸ் லேட்டர்.’